பூவரசு இலை கிடக்கிறது, எடுங்கள்!

நரிக்குடி பேருந்து நிறுத்தத்தில் ஒரு சித்திரை மாத மத்தியானம். திருச்சுழி வண்டிக்காக ஒரு தாய் காத்திருந்தார். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. வெயிலில் அது சிணுங்கியது. தாய் கைப்பேசியை எடுத்துக் கொடுத்தார், சிணுங்கல் நின்றது. பக்கத்தில் நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பால்வாடியில பாட்டெல்லாம் சொல்லித் தர்றாங்களா தாயி?" என்று கேட்டேன்.

"பாட்டு, டான்ஸெல்லாம் டவுன்ல ஃபீஸ் கட்டிப் படிக்கிற பிள்ளைகளுக்குங்கய்யா. எங்களுக்கு ரெண்டு எழுத்துத் தெரிஞ்சாப் போதும். இந்தப் பொட்டக்காட்டுல என்னத்தப் பாட்டு!"

அந்தப் பதில் இன்னும் என் நெஞ்சில் கங்காகக் கிடக்கிறது. அந்தத் தாய்மேல் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. காலையில் மிளகாய்த் தோட்டத்தில் குனிந்த இடுப்பு, மத்தியானம் பிள்ளையைச் சுமக்கிறது. அவரை அப்படிச் சொல்ல வைத்த நினைப்பின்மேல்தான் எனக்குக் கோபம். வானம் பார்த்த பூமி, சீமைக்கருவேலக் காடு, கரிமூட்டம், நமக்கு இவ்வளவுதான் என்று தலைமுறை தலைமுறையாக நம் தலையில் ஒரு மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். 2018இல் நிதி ஆயோக் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே இரண்டு: விருதுநகர், இராமநாதபுரம். நாம் விருதுநகர் மாவட்டம். இராமநாதபுரமோ கூப்பிடு தூரம். பட்டியல் போட்டவர்கள் போடட்டும். அந்தப் பட்டியலை நம் பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் வேலையை நாமே ஏன் செய்கிறோம்? இறக்குங்கள் அந்த மூட்டையை!

நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பூவரசு நின்றது. போய் ஓர் இலை பறித்தேன். முற்றலும் கூடாது, கொழுந்தும் கூடாது. உள்ளங்கை அகலத்தில் நடுத்தரமான இலை. காம்பைக் கிள்ளிப் போட்டேன். பாயைச் சுருட்டுவதுபோல் ஓரத்திலிருந்து சுருட்டினேன். ஒரு முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக நசுக்கித் தட்டையாக்கினேன். உதட்டில் வைத்து ஊதினேன். ப்பீ! பிள்ளை கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கியது. இன்னோர் இலையை ஒல்லியாகச் சுருட்டி ஊதினேன், சத்தம் கீச்சென்று மேலே போனது. தடியாகச் சுருட்டினேன், கீழே இறங்கியது. பிள்ளை கையை நீட்டியது. கொடுத்தேன். முதலில் எச்சில்தான் வந்தது. மூன்று தடவை வெறும் காற்று. நாலாவது தடவை சின்னதாக ஒரு "ப்பீ". அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

தாய் சிரித்துவிட்டார். "சின்னதுல நாங்களும் ஊதுனதுதானய்யா."

ஊதினீர்கள் அல்லவா? பிறகு அதை ஏன் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை? ஐந்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை கற்றதை எண்ணிப் பாருங்கள். ஒல்லியாகச் சுருட்டினால் சத்தம் ஏறும், தடியாகச் சுருட்டினால் இறங்கும். மூச்சை அடக்கி விட வேண்டும். உதட்டைக் குவிக்க வேண்டும். விரலால் அழுத்தும் அளவு தெரிய வேண்டும். மூன்று முறை தோற்றால் நாலாவது முறையும் ஊத வேண்டும். எந்தச் செயலியும் இந்தப் பாடத்தை இவ்வளவு சீக்கிரம் சொல்லித் தராது. இதற்கு ஆன செலவு ஓர் இலை.

"எம் பிள்ளைக்கு இசையெல்லாம் வருமா?" என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது. பிறக்கும்போதே வந்துவிட்டது. 2009இல் ஹங்கேரி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன சிசுக்கள் தூங்கும்போது காதில் ஒரு தாளத்தை ஓடவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். நடுவில் முக்கியமான அந்த முதல் தட்டை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். தூங்குகிற சிசுவின் மூளை அதைக் கண்டுபிடித்தது! எங்கே அந்தத் தட்டு என்று கேட்பதுபோல அலை எழும்பியது. புடவைத் தொட்டிலில் கிடக்கும் உங்கள் பிள்ளையும் அப்படித்தான். கண் திறக்கும் முன்பே அதற்குள் தாளம் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது.

எங்கே தொடங்குவது? ஊர்ப் பெயரில் தொடங்குங்கள். நரிக்குடி. சொல்லிக்கொண்டே தட்டிப் பாருங்கள். நரிக் – குடி. இரண்டு தட்டு. திருச்சுழி. திருச் – சுழி. அதே இரண்டு தட்டு! தமிழ் யாப்பில் இதற்கு நிரை நிரை என்று பெயர், வாய்பாடு கருவிளம். பக்கத்துப் பக்கத்து ஊர் இரண்டும் ஒரே தாளத்தில் நடக்கின்றன, நாம் கவனித்ததே இல்லை. மது – ரை என்றால் நிரை நேர், புளிமா. சென் – னை என்றால் நேர் நேர், தேமா. மா – னா – மது – ரைக்கு நாலு தட்டு. அருப் – புக் – கோட் – டைக்கும் நாலு தட்டு, ஆனால் நடை வேறு. முன்னதில் மூன்றாவது தட்டு நீள்கிறது, பின்னதில் முதல் தட்டு. இப்போது பிள்ளையின் பெயரைத் தட்டுங்கள். அப்பத்தா பெயரைத் தட்டுங்கள். ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்திருந்தால் அதையும் தட்டுங்கள். "ரெண்டு தட்டு உள்ள பேரு யாருக்கெல்லாம் இருக்கு?" என்று கேளுங்கள். தெருவே விளையாட்டாகிவிடும்.

விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடாதீர்கள். சொல்லைத் துண்டு துண்டாகக் காதால் பிரிக்கத் தெரிந்த பிள்ளைதான் பிறகு கண்ணால் எழுத்தைச் சேர்த்துப் படிக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உஷா கோஸ்வாமி பல ஆண்டுகளாகச் செய்துவரும் ஆய்வுகளைப் பாருங்கள்: எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் பலருக்குத் தாளத்தைப் பிடிப்பதிலும் திணறல் இருக்கிறது. "ரெண்டு எழுத்துத் தெரிஞ்சாப் போதும்" என்றாரே அந்தத் தாய், அந்த இரண்டு எழுத்துக்குப் போகிற வழியே கைதட்டல் வழியாகத்தான் போகிறது! பத்தாம் வகுப்புத் தேர்வில் அலகிட்டு வாய்பாடு எழுதச் சொன்னால் எத்தனை பிள்ளைகளுக்குக் கை நடுங்குகிறது. மூன்று வயதில் தன் ஊரைக் கருவிளமாகத் தட்டிய பிள்ளைக்கு ஏன் நடுங்கப் போகிறது?

எனக்கு நடுங்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு. மனசில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னேன், கடகடவென்று வந்தது. எழுபதுவரை போய்விட்டேன். கடைசித் தட்டு முடியும் முன் பிரம்பு இறங்கியது. வலது கை, பிறகு இடது கை. "வகுப்புல கொட்டடிக்கிறியா?" எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது இங்கே வேண்டாம். அவரையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு வகுப்பில் என் இரண்டு கையும் தொடைக்கு அடியில்தான் இருந்தன, வருடக்கணக்காக.

அந்த ஆவணியில் எங்கள் ஊர் முளைப்பாரி. ஓட்டில் எருவும் வைக்கோலும் போட்டு, நவதானியம் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து, ராத்திரிக்கு ராத்திரி பெண்கள் நடுவில் கூடையை வைத்துக் கும்மி கொட்டுவார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். என் அப்பத்தா வட்டத்திலிருந்து வெளியே வந்து, தொங்கிக் கிடந்த என் கையைப் பிடித்துத் தூக்கினார். "இந்தக் கை அடி வாங்கவாடா இருக்கு? தட்டு!" என்றார். தட்டினேன். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, கால் மாற்றி ஒரு சுற்று. பள்ளிக்கூடம் போகாத அந்தக் கிழவிதான் என் முதல் இசை ஆசிரியர், முதல் உடற்பயிற்சி ஆசிரியர், முதல் அறிவியல் ஆசிரியர். மூன்றாம் நாள் எந்த விதை முளைத்தது, ஏழாம் நாள் எது உயரம், வெளிச்சம் இல்லாததால் ஏன் வெளிறிப்போய் வளர்கிறது, எல்லாம் அந்த அறையில்தான் தெரிந்துகொண்டேன். பாட்டு, பயிர், எண்ணிக்கை, ஒற்றுமை நாலும் ஒரே கூடையில் இருந்தன. இதற்கு இன்று மேல்நாட்டில் பெரிய பெரிய பெயர் வைத்துப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள்.

ஹங்கேரி நாட்டின் இசைமேதை சோல்தான் கொடாய் (1882–1967) செய்ததும் இதைத்தான். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாட்டுச் சேகரித்தார். குழந்தைக்கு முதல் இசை அதன் தாய்மொழி நாட்டுப்பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அந்த முறையில் ஒரு தேசமே பாடக் கற்றது. 2016இல் யுனெஸ்கோ அதை நாட்டுப்பாட்டு மரபைப் பாதுகாக்கும் நல்ல நடைமுறையாக அங்கீகரித்தது. நரிக்குடிப் பாட்டிகளே, உங்கள் தொண்டையில் இருப்பதைத் தேடித்தான் அந்த மனிதர் ஊர் ஊராக அலைந்தார்! நீங்கள் மட்டும் ஏன் "எனக்கு என்ன தெரியும்" என்று சீரியல் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள்? தாலாட்டு உங்களுக்குத் தெரியும். நடவுப் பாட்டு தெரியும். குலவை போடத் தெரியும். குலவையைப் பேத்திக்குச் சொல்லிக் கொடுங்கள். நாக்கு அந்த வேகத்தில் புரள ஆரம்பித்தால், ழகரமும் றகரமும் தன்னால் வழிக்கு வரும் என்பது என் நம்பிக்கை.

கைப்பேசிக்கு வருகிறேன். "அதுலயும் பாட்டுத்தான ஓடுது" என்பீர்கள். ஓடுகிறது. பிள்ளை ஓடுகிறதா? உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது. மொசார்ட் இசையைக் கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றியது. 1993இல் அமெரிக்காவில் அந்தச் சோதனையைச் செய்தது 36 கல்லூரி மாணவர்களை வைத்து. குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. பலனும் கால் மணி நேரத்தில் கரைந்துவிட்டது. அதை நம்பி எத்தனை பெற்றோர் எத்தனை குறுந்தகடு வாங்கினார்கள்! கேட்பதால் மட்டும் வருவது கொஞ்சம். செய்வதால் வருவது கொள்ளை. இதற்கும் சான்று இருக்கிறது. ஜெர்மனியில் நாலு வயதுப் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக விளையாட விட்டார்கள். ஒரு கூட்டம் சேர்ந்து பாடி, ஆடி, கருவி தட்டி விளையாடியது. இன்னொரு கூட்டம் அதே விளையாட்டைப் பாட்டில்லாமல் விளையாடியது. பிறகு ஒரு பிள்ளைக்குச் சின்னச் சிக்கல் வந்தபோது, சேர்ந்து பாடிய கூட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகமாக ஓடி வந்து உதவினார்கள். 2010இல் வெளியான ஆய்வு இது. சாதிக்கொரு தெருவாகப் பிரிந்து கிடக்கும் நம் ஊர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்? நாலு தெருப் பிள்ளைகளையும் ஒரே வட்டத்தில் நிற்க வைத்துக் கும்மி கொட்டச் சொல்லுங்கள்!

கருவி வேண்டுமா? கருவிக் கடைக்குள்தான் குடியிருக்கிறோம். ரோட்டோர வாகை மரத்துக்குக் கீழே போய் நில்லுங்கள். காய்ந்த நெற்று காற்றில் சலசலக்கும். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் பெரும்பதுமனார் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கயிற்றில் ஆடுவோருக்கு முழங்கும் பறையோடு ஒப்பிட்டிருக்கிறார். வாகை நெற்றுக்குள் இசை கேட்ட காது அது. சங்கப் புலவன் கேட்டது நம் ரோட்டில் இன்றும் இலவசமாக உதிர்கிறது. பத்து நெற்றைச் சேர்த்துக் கட்டினால் சலங்கை. பனையோலையில் பெட்டிபோல முடைந்து உள்ளே பொடிக்கல் போட்டால் கிலுகிலுப்பை. இரண்டு கொட்டாங்குச்சியை ஒன்றோடொன்று தட்டினால் குதிரை ஓடும். பித்தளைச் செம்பைக் கரண்டியால் தட்டிப் பாருங்கள், அந்த ரீங்காரம் அடங்கும்வரை பிள்ளை மூச்சுவிடாமல் கேட்கும்.

இன்னொன்று செய்யுங்கள். ஒரே மாதிரி ஆறு சின்ன டப்பா எடுங்கள். இரண்டில் கேழ்வரகு, இரண்டில் துவரை, இரண்டில் புளியமுத்து. மூடியை நன்றாக இறுக்கி, மேலே துணி சுற்றிக் கட்டிவிடுங்கள். சின்னஞ்சிறுசுகள் முத்தை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து, ஆகவே கட்டு விஷயத்தில் சோம்பல் கூடாது. ஆறையும் கலைத்து வைத்து, குலுக்கிப் பார்த்து எதுக்கு எது ஜோடி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தாரே, அவருடைய புகழ்பெற்ற ஓசைப் பெட்டிகளும் இந்த அடிப்படைதான். பெரிய பள்ளிகளில் அது பளபளக்கும் மரத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் மருந்து டப்பாவில் இருக்கட்டும். காதுக்கு இரண்டும் ஒன்றே.

தண்ணீர் அருமை தெரிந்த ஊர் இது. நாலு குடம் தண்ணீருக்கு எத்தனை நடை நடந்தோம் என்று நம் அம்மாக்களைக் கேளுங்கள். அந்தத் தண்ணீரிலும் பாட்டு இருக்கிறது. ஒரே அளவுள்ள நாலு கண்ணாடிப் பாட்டிலில் ஒன்றைக் காலியாக விட்டு, மற்றவற்றில் கால், அரை, முக்கால் என்று ஊற்றுங்கள். கரண்டியால் தட்டினால் தண்ணீர் கூடக் கூடச் சத்தம் இறங்கும். அதே பாட்டிலின் வாயில் ஊதினால் தண்ணீர் கூடக் கூடச் சத்தம் ஏறும்! பிள்ளை திகைத்து நிற்கும். ஏன் என்று கேட்கும். தட்டும்போது அதிர்வது பாட்டிலும் தண்ணீரும், கனம் கூடினால் அதிர்வு நிதானப்படும். ஊதும்போது அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, இடம் குறைந்தால் அது விரைவாக அதிரும். ஆனால் பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் அந்த "ஏன்" பிள்ளையின் தலைக்குள் குடைந்துகொண்டே இருக்கட்டும். விளையாடி முடித்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிடுங்கள்.

இப்போது கணக்கு. தக என்றால் இரண்டு. தகிட என்றால் மூன்று. தகதிமி என்றால் நாலு. இது மிருதங்கக்காரர் வீட்டுச் சொத்து என்று யார் சொன்னது? தகவும் தகிடவும் சேர்ந்தால் தகதகிட, ஐந்து. தகிடவும் தகதிமியும் சேர்ந்தால் ஏழு. வாயால் சொல்லி, கையால் தட்டி, கூட்டல் படிக்கலாம். இன்னும் ஒரு படி போங்கள். பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரியுங்கள். எல்லாரும் ஒரே வேகத்தில் எண்ணட்டும். ஒரு கட்சி தகிட, தகிட என்று சொல்லி ஒவ்வொரு தகிடவுக்கும் முதல் அட்சரத்தில் மட்டும் தட்டட்டும். மறு கட்சி தகதிமி, தகதிமி என்று அதேபோல் தட்டட்டும். முதலில் சேர்ந்து தட்டுவார்கள், பிறகு பிரிந்து போவார்கள், குழப்பமாக இருக்கும், சிரிப்பார்கள். பன்னிரண்டு அட்சரம் முடிந்து அடுத்ததில் இரண்டு கட்சியும் ஒரே நேரத்தில் "தட்" என்று வந்து சேரும்! அந்த நொடியில் கூச்சல் எழும் பாருங்கள். மூன்றுக்கும் நாலுக்கும் மீச்சிறு பொது மடங்கு பன்னிரண்டு என்பதை ஏழு வயதுப் பிள்ளை தன் உள்ளங்கையில் கேட்டுவிட்டது. பிறகு கரும்பலகையில் அது வரும்போது பழைய சிநேகிதனைப் பார்ப்பதுபோல் பார்க்கும். என் கையை அன்றைக்கு அடிக்காமல் விட்டிருந்தால் எனக்கும் இது ஏழு வயதில் கிடைத்திருக்கும்.

நம் ஊரிலிருந்து ரயில் ஏறுங்கள். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று வரும் அந்தத் தடம் போய்ச் சேரும் இடம் மானாமதுரை. உலகத்துக்குக் கடம் கொடுக்கும் ஊர். நம் கண்மாயில் இருப்பது போன்ற மண்தான். அந்த மண்ணைப் பக்குவமாகக் கலந்து மிதித்து, சக்கரத்தில் உருவாக்கி, கொஞ்சம் இறுகியதும், உள்ளே ஒரு கையால் உருண்டைக் கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மறு கையால் மரப்பலகை கொண்டு தட்டுகிறார்கள். தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான தட்டு. சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக வர வேண்டும், சூளையில் வெந்து வெளியே வரும்போது சுருதி நிற்க வேண்டும். சமையல் பானைக்கு இந்தப் பாடு கிடையாது. அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவன் என்ற பெண்மணிக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. பாடியதற்கு அல்ல, பானை தட்டியதற்கு! 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்தது. விக்கு விநாயக்ராம் இந்த மண்பானைக் கருவியோடுதான் உலகம் சுற்றினார், அவர் வாசித்த பிளானட் டிரம் இசைத்தொகுப்பு கிராமி விருது வென்றது. அடுத்த ஸ்டேஷனில் இவ்வளவு நடக்கிறது. நாம் இங்கே உட்கார்ந்து "பொட்டக்காட்டுல என்னத்தப் பாட்டு" என்கிறோம்! பால்வாடிப் பிள்ளைகளை ஒருநாள் கூட்டிப்போய் அந்தத் தட்டலைக் காட்டுங்கள். ரயில் சத்தமே போகும்போது ஒரு பாடம், வரும்போது ஒரு பாடம்.

இந்த மண்ணுக்கு அடங்கிக் கிடந்து பழக்கம் இல்லை. மருதிருவர் பிறந்த முக்குளம் நம் நரிக்குடி ஒன்றியத்தில்தான் இருக்கிறது. 1801இல் வெள்ளையனுக்கு எதிராகத் திருச்சியிலும் திருவரங்கத்திலும் அறிக்கை ஒட்டியவர்களின் மண்ணில் பிறந்த பிள்ளைகள் பாட்டுப் பாடவா கூச்சப்படுவது?

நம்மைவிட மோசமான இடத்திலிருந்து எழுந்தவர்களைச் சொல்லட்டுமா? தென் அமெரிக்காவில் பராகுவே நாடு. தலைநகர் அசுன்சியோன் ஓரத்தில் கட்டேயுரா என்று ஒரு குப்பைமேடு. ஊர் மக்கள் குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள். ஃபாவியோ சாவேஸ் என்பவர் 2006இல் அந்தக் குழந்தைகளுக்கு இசை சொல்லித் தரத் தொடங்கினார். பிள்ளைகள் நிறைய, வயலின் ஒன்றிரண்டு. அந்த ஊரில் ஒரு நல்ல வயலின் விலை ஒரு வீட்டு விலையைவிட அதிகம். என்ன செய்தார்கள் தெரியுமா? குப்பை பொறுக்கிப் பிழைத்த, தச்சு வேலையும் தெரிந்த நிக்கோலாஸ் கோமஸ் என்பவர் எண்ணெய் டின்னில் செல்லோ செய்தார், தகர டப்பாவில் வயலின் செய்தார், முள்கரண்டியை வளைத்து அதில் கம்பியைப் பூட்டினார். அந்தக் குப்பைக் கருவிகளோடு அந்தப் பிள்ளைகள் நாடு நாடாகப் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். நம்மிடம் குப்பை இல்லையா? டின் இல்லையா? தச்சு ஆசாரி இல்லையா? இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: செய்து பார்ப்போமே என்ற எண்ணம்!

பால்வாடி டீச்சர்களே, உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அளக்கும் எடை, எழுதும் பதிவேடு, ஏற்றும் செயலிக் கணக்கு எல்லாம் எனக்குத் தெரியும். ஆயாம்மா வராத நாளில் சமையலும் உங்கள் தலையில்தான். ஆனாலும் ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் கையில் அரசு கொடுத்திருக்கும் பாடத்திட்டத்தின் பெயரே "ஆடிப் பாடி விளையாடு பாப்பா". உங்கள் வேலையின் தலைப்பிலேயே பாட்டு இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்! ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்களே, உங்களுக்கும் இதே சேதி. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டை எடுத்து, தங்கள் உயரத்துக் கரும்பலகையில் தாங்களே எழுதும் காட்சியைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். நாலைந்து ஆண்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கேற்ற பாடத்தோடு, பாட்டோடு, பொம்மையோடு. திட்டம் சென்னையில் பிறக்கலாம். அதற்கு உயிர் வருவது திருச்சுழி தாலுகாவில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நீங்கள் வெட்கப்படாமல் தவளைபோல் குதிக்கும்போதுதான். உங்கள் குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு உங்கள் குரல்தான் வேண்டும். பாடுங்கள்!

அப்பாக்களே, தறியில் உட்கார்ந்திருக்கும் அருப்புக்கோட்டைச் சொந்தங்களே, நாடா போகிற சத்தத்தைப் பிள்ளைக்குக் கேட்கக் கொடுத்திருக்கிறீர்களா? மிதி, வீச்சு, அடி. மிதி, வீச்சு, அடி. தினமும் எட்டு மணி நேரம் திச்ரம் என்னும் மூன்றெண்ணிக்கை நடையில் வாழ்கிறீர்கள், அது தாளம் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த மூன்றையும் வாயால் சொல்லிக் காட்டுங்கள். மண்வேலைக்குப் போகும் அம்மா மண்வெட்டியைப் போடும் சத்தம், தேங்காய் துருவும் சத்தம், அம்மியில் அரைக்கும் சத்தம், எல்லாவற்றையும் பிள்ளை திரும்பச் செய்து காட்டட்டும். "இது எந்தச் சத்தம், கண்ணை மூடிச் சொல்லு" என்று கேளுங்கள்.

அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் திரும்பிப் போகிறேன். வண்டி வந்தது. தாய் ஏறினார். கைப்பேசி அவர் இடுப்புச் சுருக்கில் இருந்தது, பிள்ளையின் கையில் இலை இருந்தது. ஓட்டுநர் ஆரன் அடித்தார். ஜன்னலுக்குள்ளிருந்து பிள்ளை பதிலுக்கு ஊதியது. ஓட்டுநர் மறுபடி அடித்தார், இந்தத் தடவை வேண்டுமென்றே. பிள்ளையும் விடவில்லை. நடத்துநர் சிரித்துக்கொண்டே படியில் விரலால் தாளம் போட்டார். திருச்சுழி வரும்வரை அந்த இலை வாடியிருக்காது.

இன்று சாயங்காலம் ஐந்தரை ஆகட்டும். வெயில் தாழட்டும். வாசலில் தண்ணீர் தெளித்ததும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். பெயரைச் சொல்லி, அதன் அசைக்கு ஒன்றாகத் தட்டிக் கூப்பிடுங்கள். அது திரும்பிப் பார்த்துத் திருப்பித் தட்டும்வரை தட்டுங்கள்.